இளைஞர் எழுப்பும் ஓசையும் நம் கல்லூரி மண்டபமும்

ஜூபிலி மலர் என்றால் கல்லூரியின் வரலாறும், அதிபர்களின் தொண்டும், விளையாட்டுத் துறை வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அம்மரபினைச் சற்றே மீறி, மாலை வேளைகளில் நம் அயலிற் கேட்கும் ஓர் ஓசையைப் பற்றிச் சில வார்த்தை எழுத விழைகின்றோம். ஒரு கிற்றார், ஒரு பழைய கீபோட், எங்கோ இரவல் வாங்கிய ட்றம் ஆகியவற்றைக் கொண்டு பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எழுப்பும் ஓசை அது. அதனை இசை என்று கூற நம்முட் பலர் தயங்குவர். பெற்றோர் பரீட்சையை எண்ணி அஞ்சுவர். ஆசிரியர் முகஞ் சுளிப்பர். அயலவர் யன்னலைச் சாத்துவர். நாமோ அந்த ஓசைக்கு நம் கல்லூரி மண்டபத்தின் கதவைத் திறந்துவிட வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர்கள். அதற்குரிய நியாயங்களை வாசகர்முன் வைக்கின்றோம்.

வன்னி நிலத்தில் இசை என்பது ஒருபோதும் வித்துவான்களுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தினை ஆடியவர் யார்? பகலில் வயலில் நின்ற கமக்காரர்கள் அல்லரோ? அண்ணாவியார் சட்டங் கொடுக்க, மாதக் கணக்காய் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, வெள்ளுடுப்பு ஆடி, பின்னரே அரங்கேறினர். சுருதி பிசகினாலும் சபையோர் எழுந்து போகவில்லை. ஆடுபவன் தம் ஊரான், பாட்டுத் தம் பாட்டு என்ற உரிமை அவர்களை விடியும்வரை இருத்தி வைத்தது. பண்டிப் பள்ளும், குருவிப் பள்ளும், அரியாத்தை பேரில் எழுந்த ஒப்பாரியும் இம்மண்ணின் வாழ்விலிருந்தே பிறந்தவை. பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பாட்டுடைப் பொருளாக்க ஒருவரும் நாணவில்லை.

காத்தவராயன் கூத்தினை நோக்குக. உடுக்கும் ஹார்மோனியமும் சிந்துநடையில் முழங்க நிகழும் இக்கூத்தின் தலைவன் யார்? சாதி வேலியைத் தாண்டி ஆரியமாலையை விரும்பி, பெரியோர் சொற் கேளாது, ஈற்றிற் கழுமரம் ஏறும் ஓர் இளைஞன். அவன் கழுவேறுங் காட்சியிற் கண்ணீர் வடிக்கும் அதே பெரியவர்தாம், மறுநாட் காலை, தலைமயிரை வளர்த்துக்கொண்டு ட்றம் அடிக்கும் அயல்வீட்டுப் பையனைக் கண்டு ‘உருப்படாதவன்’ என்கின்றார்! கூத்திற் கண்ட காத்தானை வீதியிற் காணும்போது நமக்கு அடையாளந் தெரிவதில்லை போலும்.

இனி, கருவி இல்லையே, காசு இல்லையே என்ற பேச்சு. 1990ஆம் ஆண்டின் பின் வடக்கிலே மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அப்போது நம்மவர் என்ன செய்தனர்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து எழுந்த மின்னைக்கொண்டு வானொலி கேட்டனர். ஒருவர் சுழற்றக் குடும்பமே சுற்றியிருந்து செவிமடுத்தது. சுழற்றியவர் களைத்தால் செய்தியும் களைத்தது. இந்த அநுபவத்தைப் பெற்ற ஒரு சமூகத்துக்கு, இல்லாமையிலிருந்து இசை செய்வது எப்படி என்று வெளியார் வந்து போதிக்கத் தேவையில்லை.

ஆயினும் வெளியுலகிலும் இதனை ஒத்த ஒரு கதை உண்டு, சொல்லத் தக்கது. 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும், தொடர்ந்து லண்டனிலும் ‘பங்க்’ என்னும் இசை தோன்றிற்று. வேலையின்மையும் சலிப்பும் மலிந்த நாட்டில், தேர்ந்த கலைஞர்களின் நீண்ட வாசிப்பைக் கேட்டு அலுத்த இளைஞர்கள், மூன்றே சுரக்கூட்டுகள் தெரிந்தால் மேடையேறலாம் என்று துணிந்தனர். அக்காலத்தில் இங்கிலாந்தின் சிறு சஞ்சிகை ஒன்று அம்மூன்று சுரக்கூட்டுகளையும் கோட்டுப் படமாக வரைந்து, கற்றவர் உடனே குழுவொன்றை அமைத்துக்கொள்க என்று வாசகரைத் தூண்டியது. ஆடையும் தலையலங்காரமும் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு இத்துணிவினைப் பற்றி எழுதவில்லை.

நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதன் கிளையாகிய ‘ஹார்ட்கோர்’ அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் வளர்ந்த விதம். அங்கே அதனை வளர்த்தோருட் பலர் பள்ளி மாணவரே. ஈயன் மக்காய், ஜெஃப் நெல்சன் ஆகியோரும் தோழரும் ‘டீன் ஐடில்ஸ்’ என்ற குழுவாக ஓராண்டளவு பாடினர். கிடைத்த பணத்தைப் பங்கிட்டுச் செலவழிக்காது ஒரு பெட்டியிற் சேர்த்தனர். 1980இல் குழு கலைந்தபோது இருந்தது ஏறத்தாழ 600 டொலர். அப்பணத்தாற் தம் பாடல்களைத் தாமே இசைத்தட்டாக்கினர். உறைகளைத் தாமே வெட்டி ஒட்டினர். ‘டிஸ்கோர்ட்’ என்ற அந்த நிறுவனம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம்மூர்க் குழுக்களின் இசையை வெளியிட்டு வந்துள்ளது. மதுக்கடைகளில் நிகழ்ந்த கச்சேரிகளுக்குச் சிறுவரை விடமாட்டார்கள் என்ற சிக்கல் எழுந்தபோது, உள்ளே வந்த சிறுவரின் புறங்கையிற் பெருக்கற் குறியிட்டு, இவருக்கு மது இல்லை என்று காட்டும் வழியைக் கண்டனர். பின்னர் அக்குறியையே பெருமைக்குரியதாக்கி, குடியையும் போதையையும் துறந்த இளைஞர் பலர் உலகெங்கும் அணிந்தனர். மக்காய் பின்னாளிற் சேர்ந்திருந்த ‘ஃபுகாசி’ குழு, பெயர் பரவிய பின்னும் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் ஐந்து டொலருக்கு மேற்படாதவாறு பார்த்துக்கொண்டது. உரத்த இசை ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்போர் இவ்வரலாற்றைச் சிறிது கருதுவாராக.

நம் நாட்டிலும் இதற்கொப்பான துணிவு இல்லாமற் போகவில்லை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் விவசாயக் கல்வி பயின்றவர். கிற்றாரை ஏந்தி, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பாட்டெழுதிப் பாடித் துள்ளிசைக்கு வழிதிறந்தார். கள்ளுக்கடையை நாடாதே என்று அவர் பாடியது வாசிங்டன் மாணவர் புறங்கையிற் குறியிடுவதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. ஏ. ஈ. மனோகரன் பைலாவைத் தமிழ்நாட்டு மேடைவரை கொண்டு சென்று ‘சிலோன்’ மனோகர் எனப் பெயர்பெற்றார். இவர்களைப் பொழுதுபோக்குப் பாடகர் என்று ஒதுக்கிய பண்டிதர்களின் பெயர்கள் மறக்கப்பட்டுவிட்டன. கிளிநொச்சியை வாழிடமாகக் கொண்டிருந்து 2017 பெப்ரவரியில் மறைந்த எஸ். ஜி. சாந்தனோ, கோயிற் பாடலும் போர்க்காலப் பாடலும் ஒருங்கே பாடியவர். அவர் குரலை அறியாத வன்னி வீடு அரிது.

இத்துணைப் பின்னணி உள்ள மண்ணிலே இன்று நிகழ்வது யாது? திருவிழா இரவுகளில் இசைக்குழு வருகின்றது. வண்ண விளக்கு எரிகின்றது. ஒலிபெருக்கி ஊரை நிறைக்கின்றது. பாடப்படுவனவோ பெரும்பாலும் சென்னையில் ஆக்கப்பெற்ற சினிமாப் பாடல்கள். பாடகரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. கேட்போர் விரும்புவதை அவர்கள் வழங்குகின்றனர், குடும்பமும் நடத்த வேண்டும். ஆனால் இன்று நம் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் 2009ஆம் ஆண்டினை ஒட்டிப் பிறந்தவர்கள். இவர்களுட் பலருடைய குடும்பத்தினர், அவ்வாண்டில் வவுனியா மனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டிருந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருட் சேர்ந்தவர்கள். 2012இல் முகாம் மூடப்பட்ட பின் வெறுங்காணிக்குத் திரும்பி வீடு கட்டியவர்கள். வீட்டிலே பேசப்படாத துயரம் உண்டு. காணாமற்போனவர் படம் சுவரில் உண்டு. வேலையில்லாத தமையன் உண்டு. போதைப்பொருள் விற்பவனும் சந்தியில் நிற்கின்றான். இவற்றுள் ஒன்றையேனுந் தன் சொல்லாற் பாட ஒரு பிள்ளை வாய் திறந்தால், அவன் சுரம் பிழைத்ததென்று நாம் திருத்தப் புகுவதா?

எதிர்வாதங்களை நாம் அறியாமலில்லை. க. பொ. த. உயர்தரப் பரீட்சை கெடும் என்பர்; கிரிக்கெற்றால் கெடாத பரீட்சை கிற்றாராற் கெடுமென்று நம்புவது கடினம். சைவக் கல்லூரியில் இத்தகைய ஆரவாரம் தகுமோ என்பர். தவிலும் உடுக்கும் பறையும் முழங்கும் கோயில்களின் அடியார்க்கு ஆரவாரம் புதிதன்று. கட்டுப்பாடின்றி நள்ளிரவில் அலறும் என்பதே வலிய வாதம். அதனை ஏற்கின்றோம். இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிலே கட்டளையிட்டது. அக்கட்டளை இளைஞரின் குழுவுக்கும் பொருந்தும். அதனை மீறுவதிற் பெயர்பெற்ற நம் திருவிழாக்காரருக்கும் பொருந்தும்.

பறையைக் குறிப்பிட்டோம், அதனிடத்தும் ஒரு வார்த்தை. சங்கீதம் என்றாற் கர்நாடக சங்கீதம், வாத்தியம் என்றால் மிருதங்கமும் வயலினும் என்று பழகிய நாம், பறையைச் சாவீட்டோடு ஒதுக்கி, அதனை அடித்த மக்களையும் அதனோடு ஒதுக்கினோம். சென்னையில் 2018 ஜனவரியில் முதன்முதல் மேடையேறிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு, கானாவையும் பறையையும் மேனாட்டுக் கருவிகளோடு சேர்த்து, சாதிக் கொடுமையை நேர்நின்று பாடியது. கேட்கத் திரண்டோர் ஆயிரக் கணக்கினர். நம் கல்லூரி மேடையிற் பறை முழங்கிய நாள் எத்தனை என்று பழைய மாணவர் ஒவ்வொருவருந் தமக்குள்ளே எண்ணிப் பார்க்கலாம்.

விழாக்காலத்தில் நிதி திரட்டி நுழைவாயில் வளைவு கட்டுவோம், சிலை நிறுவுவோம் என்று பேச்செழுவது எங்கும் வழக்கம். வளைவினூடே ஒருநாளைக்கு இருமுறை நடக்கலாம். வேறு பயன் அதற்கில்லை. அப்பணத்தில் ஒரு பங்கினை எடுத்து, மண்டபத்தின் பின்னறை ஒன்றைத் திருத்தி, சுவருக்கு ஓசை அடங்கும்படி பழைய சாக்கும் மெத்தையும் அறைந்து, ஒரு ட்றம், இரண்டு கிற்றார், இரண்டு ஒலிவாங்கி, ஒரு ஒலிபெருக்கி வாங்கி வைப்போமாக. பறைக்கும் உடுக்குக்கும் அங்கே ஒரு மூலை வேண்டும். திறப்பு மாணவரிடமே இருக்கட்டும். உடைந்ததைத் திருத்தும் பொறுப்பும் அவர்களுடையதே. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாலை 6 மணி முதல் 9 மணிவரை, மண்டபத்தைத் திறந்துவிடுவோம். பெண்பிள்ளைகளின் குழுவுக்கும் அதே மேடை, அதே நேரம். நுழைவுக் கட்டணம் பாடசாலைப் பிள்ளை கொடுக்கக் கூடியதாய் இருத்தல் வேண்டும். வாசலில் மது வாடையோடு வருபவர் பழைய மாணவராயினுந் திருப்பி அனுப்பப்படுவர். மேடையேறும் ஒவ்வொரு குழுவும் தான் இயற்றிய பாடல் ஒன்றையாவது பாட வேண்டும்; அப்பாடலை முன்கூட்டிப் பார்வைக்குத் தரும்படி எவருங் கேட்கலாகாது. அதிபரும் சங்கத் தலைவரும் வரலாம். முன்வரிசைக் கதிரையும் பொன்னாடையும் வரவேற்புரையும் அன்று இல்லை.