பட்டியற் பிழையும் பாழாகும் கணிப்பொறியும்

பம்பாய் மாநகரின் மாட்டுங்கா கல்விக்குப் பேர்போன பகுதி. 1887-இல் தோன்றி, 1923 முதல் இங்கே இயங்கிவரும் பொறியியல் கல்லூரி இன்று வீரமாதா ஜீஜாபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1932-இல் நிறுவப்பெற்ற சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குக் கல்வி அளித்த ஸ்தாபனமாகும். அடுத்துள்ள தாராவியிலோ நகரம் கழித்துவிட்ட பொருள்களைப் பிரித்தெடுத்து மறுபயனுக்குக் கொணரும் தொழில் நடைபெறுகிறது. பள்ளிக்கும் பழம்பொருள் கிடங்கிற்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஆயினும் கணிப்பொறி ஒன்று காலத்திற்கு முன்னரே அத்தொலைவைக் கடத்தல் ஆகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதனை இப்பொழுது கூறுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகளில் லினக்ஸை நிறுவி, பள்ளிகள் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் நிறுவிய மறுநாளே, “புரொஜெக்டரில் படம் விழவில்லை; போர்ட் கெட்டுவிட்டது” என்ற தீர்ப்பு பிறப்பதுண்டு. இத்தீர்ப்பு பல வேளைகளில் ஆராயாது கூறப்படுவதாகும்.

போர்ட் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் நோக்குவோம். படம் வரையும் சில்லிலிருந்து பல வெளியீட்டு வழிகள் புறப்படுகின்றன. அவற்றுள் எது வி.ஜி.ஏ. போர்ட்டுக்கும் எது எச்.டி.எம்.ஐ. போர்ட்டுக்கும் செல்கிறது என்பதைப் பலகையை உற்பத்தி செய்பவரே தீர்மானித்து, அதனை ஒரு பட்டியலாக பயாஸில் எழுதி வைக்கிறார். டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் அப்பட்டியலைப் படித்தே போர்ட்டுகளை அறிகிறது. பின்னர், இணைந்துள்ள திரையிடமிருந்து குறைந்தது 128 பைட் அளவுள்ள குறிப்பொன்றை வாங்குகிறது. அத்திரை எத்தகையது, எந்த அளவுப் படத்தை ஏற்கும் என்பன அதில் அடங்கியிருக்கும். இக்குறிப்பிற்கு இ.டி.ஐ.டி. என்று பெயர்.

பட்டியலில் பிழை நேர்ந்தால் போர்ட் நலமாக இருந்தும் பயனில்லை. இது கற்பனையன்று. இன்டெல் டி510எம்ஓ என்னும் மதர்போர்டும் ஆப்பிள் மேக் மினியின் பழைய வகைகள் சிலவும் மடிக்கணினிக்குரிய திரை தம்மிடம் உண்டெனப் பொய்யாக அறிவிப்பவை. இல்லாத அத்திரைக்குப் படம் சென்றால் பார்ப்பவர் என்ன செய்வார்? எம்.எஸ்.ஐ. நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ்3 டிஐ 200 அட்டையில் வெளியீட்டின் வகையே தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. எக்ஸ்.எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் ஜிடி-240 அட்டை வகை ஒன்றிலோ பிழைகள் மிகுந்திருந்தமையால், நூவோ டிரைவர் பட்டியல் முழுவதையும் ஒதுக்கிவிட்டுத் தானே ஒன்றை அமைத்துக்கொள்கிறது.

இத்திருத்தங்கள் யாவும் சில வரிகளே. மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருந்தமையால்தான் அவ்வரிகளை எழுத முடிந்தது. ஒருவர் கண்டு தெரிவித்த பிழை ஒருமுறை திருத்தப்பட்டதும், அதே பலகையை உடைய அனைவருக்கும் பயன் கிட்டியது. மூடிய டிரைவரிலும் பிழை திருத்தப்படலாம். ஆனால் அதற்கு உற்பத்தியாளரின் மனம் இசைய வேண்டும். பழைய பொருளுக்கு அவர் எத்தனை ஆண்டுகள் உழைப்பார்?

“இது நிபுணர் வேலை, ஆசிரியருக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். மூலநிரலைத் திருத்துவது நிபுணர் வேலைதான். நோயை இனங்காண்பது அவ்வாறன்று. லினக்ஸில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு கோப்புறை உண்டு. அதிலுள்ள ஸ்டேட்டஸ் என்னும் கோப்பு, திரை இணைந்துள்ளதா இல்லையா என்று கூறிவிடும். இணைந்ததாகக் கூறியும் இ.டி.ஐ.டி. வெறுமையாக இருப்பின், நீண்ட கேபிளையோ மலிவான அடாப்டரையோ ஐயுறல் வேண்டும். இல்லாத திரை இருப்பதாகக் காட்டினால், கணிப்பொறி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் ஒரு சொல்லால் அப்போர்ட்டை அணைத்துவிடலாம். உறங்கும் போர்ட்டை அவ்வாறே எழுப்பவும் இயலும். ஒரு வேளையில் ஒரு மாறுதல் மட்டுமே செய்து, பழைய நிலையைக் குறித்து வைத்தல் நன்று. இவ்வளவும் செய்தும் பயனில்லையெனில் போர்ட் உண்மையிலேயே பழுதாகியிருக்கக் கூடும்.

பெரிய அளவில் இது கைகூடுமா என்ற ஐயத்திற்குக் கேரளம் விடை தருகிறது. அங்கு 2018-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், ஏறத்தாழ 45,000 வகுப்பறைகள் மடிக்கணினியும் புரொஜெக்டரும் பெற்றன. அவை கட்டற்ற மென்பொருளைக் கொண்டே இயங்குகின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தமை இதற்கு அடிப்படையாகும்.

மத்திய சர்க்காரும் 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டுள்ளது. அது ஏட்டளவில் நில்லாமல் வகுப்பறையை அடைய இரண்டு காரியங்கள் அவசியம் எனக் கருதுகிறேன். முதலாவதாக, கணிப்பொறி வாங்கும்போதே அதன் எல்லாப் போர்ட்டுகளும் திறந்த டிரைவரில் இயங்குகின்றனவா என்று புரொஜெக்டரை இணைத்துச் சோதித்தல் வேண்டும். இரண்டாவதாக, போர்ட், கேபிள், கண்ட குறை, செய்த மாறுதல் ஆகியவற்றை எழுதிவைக்க ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பதிவேடு இருத்தல் வேண்டும். அப்பதிவேட்டை அருகிலுள்ள பொறியியற் கல்லூரி மாணவர் படித்து, உண்மையான பிழைகளை டிரைவர் ஆக்குவோருக்குத் தெரிவிக்கலாம். மாட்டுங்காவில் பள்ளியும் கல்லூரியும் அடுத்தடுத்தே இருக்கின்றன. இம்முயற்சியைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் எது? கழிவுப் பட்டியலில் ஒரு கணிப்பொறியைச் சேர்க்குமுன், அதன் போர்ட்டுப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பது ஆசிரியரும் கள ஊழியரும் கைக்கொள்ளத்தக்க நல்வழக்கமாகும்.