கள்ளியின் குழந்தைப் பருவம்



கள்ளிச் செடிக்குக் கவனிப்பே வேண்டியதில்லை, வெயிலில் வைத்துவிட்டால் தானாக வளரும் என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். வளர்ந்த கள்ளிக்கு இது ஓரளவு பொருந்தும். விதையிலிருந்து முளைத்த கன்றுக்கோ சிறிதும் பொருந்தாது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் அதையடுத்த மெக்சிகோ நாட்டுப் பாலைவனத்திலும் சகுவாரோ என்னும் பெருங்கள்ளி 40 அடி உயரம் ஓங்கி, 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறது. அதன் கன்று முதல் 8 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலமே வளர்கிறது. வெட்டவெளியில் முளைப்பவை வெயிலிலும் குளிரிலும் மடிய, மரத்தின் அல்லது புதரின் நிழலில் முளைப்பவையே பெரும்பாலும் பிழைக்கின்றன. அவ்வாறு நிழல் தரும் மரத்தைத் தாவர நூலார் செவிலித் தாவரம் என்பர். வெயிலை வெல்லும் கள்ளிக்கும் குழந்தைப் பருவத்தில் ஒரு செவிலித்தாய் வேண்டியிருக்கிறது. வீட்டில் விதைப்போர் ஏற்க வேண்டிய பணி அதுவே.

முதன்முதலில் முயல்வோர்க்கு ஏற்றது, பழக்கடைகளில் கிடைக்கும் டிராகன் பழம். அதுவும் கள்ளி இனத்தைச் சேர்ந்ததே. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியும் அவ்வினமே எனினும், அதன் விதையோடு கெட்டியானது, முளைக்க நாளாகும். பால் வடியும் திருகுகள்ளி, சதுரக்கள்ளி ஆகியவை வேறு குடும்பத்தவை.

பழச் சதையைத் தேநீர் வடிகட்டியில் இட்டு நன்கு அலசி, கறுப்பு விதைகளைப் பிரித்துத் தாளில் ஒரு நாள் உலர்த்துங்கள். இனிப்புச் சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் ஆற்று மணலும் சலித்த இலைமட்கும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். கொதிநீர் ஊற்றி ஆறவிடுவது நலம். மண்ணிலுள்ள பூஞ்சணம் அதனால் குறையும். விதைகளை மேலே தூவி மெல்ல அழுத்தினால் போதும். முளைக்க வெளிச்சம் வேண்டுமாதலால் மண்ணிட்டு மூடலாகாது.

தொட்டியை நீருள்ள தட்டில் வைத்து, ஈரம் கீழிருந்து மேலேறி வந்ததும் எடுத்துவிடுங்கள். பின்னர்க் கண்ணாடியாலோ பாலிதீன் தாளாலோ மூடி, வெளிச்சம் உள்ள, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஓரிரு வாரங்களில் தடித்த இரு வித்திலைகள் தோன்றும்; அவற்றின் நடுவிலிருந்து மெல்லிய முட்களோடு தண்டு எழும். கன்று சிவந்தால் பெரும்பாலும் வெயில் மிகுதி என்று கொள்க. அடி அழுகிச் சாய்ந்தால் ஈரமும் புழுக்கமும் மிகுதி. சில வாரங்கள் சென்றபின் மூடியை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறந்து, காற்றுக்குப் பழக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே மீண்டும் நீர்.

டிராகன் கன்று விரைந்து வளர்ந்து கொழுகொம்பு தேடும். ஆயினும் விதைக் கன்று பூத்துக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தண்டு நட்டால் ஓரிரு ஆண்டுகளே. உருண்டை வடிவக் கள்ளிகளோ ஓராண்டு முடிவில் பட்டாணி அளவே இருக்கக்கூடும். அவசரப்பட்டுப் பிடுங்கி நடாதீர்கள்.

இந்தத் தாமதமே ஒரு பெருந்தீங்கிற்கும் காரணமாயிற்று. காத்திருக்க மனமில்லாதோர்க்கு விற்பதற்காக, பாலைவனத்தில் முதிர்ந்து நிற்கும் கள்ளிகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் இத்தாலியில், சிலி நாட்டிலிருந்து கடத்தப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகள் கைப்பற்றப்பட்டன. அவற்றுள் பிழைத்தவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை 2021-இல் தாயகம் திரும்பின. உலகக் கள்ளி இனங்களுள் 31 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கி நிற்பதாக 2015-இல் வெளியான ஆய்வு கூறிற்று. விதையிலிருந்து வளர்ப்பவரோ எந்தப் பாலைவனத்தையும் கொள்ளையிடுவதில்லை.

ஆகவே, பெற்றோரே, அடுத்த முறை அப்பழம் வீட்டிற்கு வரும்போது ஒரு கரண்டிச் சதையை ஒதுக்கி வையுங்கள். ஈரம் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். இன்று விதைத்ததை நாளையே காண விரும்பும் வயது அவர்களுடையது. மாதங்கள் பல காத்திருந்து, தாம் காத்த உயிர் விரலளவு நிமிர்வதைக் கண்டால் அவர்கள் அடையும் மகிழ்ச்சி எளிதில் மறையாது.