கீரைக்கூடைக்கு இடமில்லாத நவீன ரயில்



பூந்தமல்லியில தூணுக்கு மேல அந்தப் புது மூணு பெட்டி ரயில் ஓடினதை முதல் தடவை பாத்தப்போ நானும் வண்டியை ஓரங்கட்டிட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். பொய் சொல்லல. ஓட்டுநர் இல்லாமலே ஓடுற மாதிரி வடிவமைச்ச ரயில். பக்கத்துல டீக்கடையில இருந்த பெரியவர், "ஆளே இல்லாம ஓடுமாமே, அப்போ நாம போற இடத்தை யாருகிட்ட சொல்றது?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்விதான் மண்டையில சுத்துச்சு. அந்த ரயிலை வரைஞ்சவங்க கிட்ட, எங்களுக்கு என்ன வேணும்னு யாரு சொல்லியிருப்பா?

நான் இன்ஜினீயர் கிடையாது. திருமழிசை தாண்டி கொஞ்சம் நிலத்துல கீரை, கத்திரி, மல்லி போடுற ஆள். ஆனா இந்த ரயிலைப் பத்தி விளம்பரத்துலயும் செய்தியிலயும் வந்ததை எல்லாம் உட்கார்ந்து படிச்சேன். சென்னை மெட்ரோவோட இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய் திட்டம். அதுல பூந்தமல்லி – கலங்கரை விளக்கம் பாதைக்கு 26 ரயில், 78 பெட்டி. அல்ஸ்டாம் கம்பெனிக்கு 2022-ல ஒப்பந்தம் கொடுத்தாங்க. ஏறத்தாழ 947 கோடி. ஆந்திரா ஸ்ரீசிட்டியில செஞ்சு, முதல் ரயில் 2024-ல பூந்தமல்லி பணிமனைக்கு வந்தது. 2025 மார்ச்சுல முல்லைத்தோட்டம் வரைக்கும் ஓட்டிப் பாத்தாங்க. ஒரு ரயில்ல சுமார் 1,000 பேர் போகலாம். சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கு, பெண்களுக்கு இடம் இருக்கு, போனுக்கு சார்ஜ் போட வசதி இருக்கு. எல்லாம் நல்லது. வேணாம்னு யார் சொல்லுவா?

இல்லாதது ஒண்ணுதான். கூடைக்கு இடம்.

மறந்துபோய் விட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. இது சட்டத்துலயே இருக்கு. 2002-ல டெல்லிக்காகப் போட்ட மெட்ரோ ரயில் சட்டம், 2009 திருத்தத்துக்குப் பிறகு மத்த பெருநகரங்களுக்கும் வந்தது. பயணி தன்னோட சொந்த உடைமை உள்ள சின்னப் பை தவிர, சரக்கு எதுவும் கொண்டு போகக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. அதாவது 20 கிலோ துணி உள்ள பெட்டியை உருட்டிக்கிட்டு விமான நிலையம் ஸ்டேஷன்ல ஏறினா அது உடைமை. அதே எடையில அரைக்கீரையும் சிறுகீரையும் கூடையில இருந்தா அது சரக்கு. பெட்டிக்காரர் பயணி. கூடைக்காரி யாரு?

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. இருபது வருஷத்துக்கு மேல கீரை விக்கிறாங்க. சாயந்திரம் பாத்தியில இறங்கிப் பிடுங்கி, கட்டுக் கட்டி, ஈரச்சாக்குப் போட்டு மூடி வச்சிடுவாங்க. விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து, நாலு மணிக்கு வர்ற குட்டியானையில கூடையோட ஏறணும். பின்னாடி கத்திரி மூட்டை மேல உட்கார்ந்துதான் பயணம். மழை வந்தா தார்ப்பாய் கீரைக்குத்தான், அக்காவுக்கு இல்ல. வண்டிக்குப் போக மட்டும் 150 ரூபாய். வண்டிக்காரர் வரலைன்னா அன்னிக்கு வியாபாரமே இல்ல. பிடுங்கின கீரை மாட்டுக்குத்தான். போரூர், வளசரவாக்கம், வடபழனி, சில நாள் மயிலாப்பூர்னு போவாங்க. நீங்க காலையில ஏழு மணிக்கு, "கீரேய்"னு சத்தம் கேட்டு கதவைத் திறந்து, பத்து ரூபா குறைச்சுக் கேப்பீங்களே, அந்த அக்காதான்.

இப்போ புதுப் பாதையில உள்ள ஸ்டேஷன் பேரையெல்லாம் வரிசையா பாருங்க. பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், போரூர், வளசரவாக்கம், வடபழனி, கோடம்பாக்கம், திருமயிலை. 26 கி.மீ. அந்த அக்கா இத்தனை வருஷமா போற வழியேதான்! அவங்க கால் தடத்து மேலயே தூண் நட்டிருக்காங்க. ஆனா அந்த ரயில்ல அவங்க கூடையோட ஏற முடியாது. கூடையை விட்டுட்டு ஏறினா, ஏறி எங்க போறது?

இங்கதான் எனக்குக் கோபம் வருது. மெட்ரோ அளவுக்குக் கூடைக்குத் தோதான ரயில் வேற இல்ல. மின்சார ரயில்ல பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல ஏறி இறங்கணும். தலையில கூடையோட அது உயிர்ப் பயம். மெட்ரோவுல தரையும் பெட்டியும் சமமா இருக்கு. அகலமான கதவு. கீழே இருந்து மேல போக லிஃப்ட். ஒரு சின்ன தள்ளுவண்டியில வச்சு உருட்டிக்கிட்டே போயிடலாம். கூடைக்குத் தேவையான முக்கால்வாசி வேலையை இன்ஜினீயருங்க ஏற்கனவே செஞ்சு முடிச்சிட்டாங்க, யாருக்குச் செஞ்சோம்னு தெரியாமலே.

"ஆபீஸ் போற கூட்டத்துல கூடையை எப்படிங்க ஏத்துறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். எட்டரை மணி ரயிலை நாங்க கேக்கல. விடிகாலை முதல் ரயில்ல இருந்து ஆறரை மணி வரைக்கும், திரும்பி வர பதினொண்ணுல இருந்து மூணு மணி வரைக்கும் போதும். அப்போ பாதி ரயில் காலியாத்தான் ஓடுது. காலி சீட்டை ஏத்திக்கிட்டுப் போறதுக்கும் கரண்ட் செலவு ஆகுதுதானே?

"அழுக்காகும், நாறும்"னு சொல்றவங்களும் உண்டு. ஒரு பெட்டியோட ஒரு முனையில மட்டும் மடிச்சு வைக்கிற சீட் போடுங்க. வழுக்காத தரை, கழுவிவிட வசதி, கூடை சரியாம இருக்க ஒரு கம்பி. அவ்வளவுதான். கூட்ட நேரத்துல சீட்டை இறக்கிவிட்டா அது சாதாரண இடம். கூடைக்கு ஒரு அளவு வைங்க, தனி டிக்கெட் போடுங்க, கொடுக்கிறோம். சும்மா ஏத்திக்கச் சொல்லி யாரும் கையேந்தல.

"செஞ்சு முடிச்ச ரயில்ல மாத்த முடியாது"ன்னு ஒரு பதில் வரும். சென்னை மெட்ரோ 2015-ல ஆரம்பிச்சப்போ கூடுதல் கட்டணத்துல முதல் வகுப்புன்னு ஒரு பகுதி இருந்தது ஞாபகம் இருக்கா? அதுல ஏற ஆள் குறைவு. 2020 நவம்பர்ல அதை எடுத்துட்டு பெண்களுக்கான இடமா மாத்தினாங்க. நல்ல முடிவு. அப்போ மாத்த முடியுது. ஆளே வராத முதல் வகுப்புக்கு முதல் நாள்ல இருந்தே இடம் ஒதுக்கத் தெரிஞ்சவங்களுக்கு, தினமும் வரத் தயாரா இருக்கிற கூடைக்காரி மட்டும் ஏன் கண்ணுல படல?

வேற எங்கயும் இப்படி இல்லையான்னு தேடினேன். ரொம்பத் தூரம் போக வேண்டியதில்ல. மும்பை லோக்கல்ல லக்கேஜ் பெட்டி இருக்கு. டப்பாவாலாக்கள் சாப்பாட்டுத் தட்டோட ஏறுறது அதுலதான். கொல்கத்தா புறநகர் ரயில்ல வியாபாரிகளுக்குன்னு பெட்டி உண்டு. நம்ம சென்னை மின்சார ரயில்லயே வெண்டார் பெட்டி இருக்கு. பழைய ரயிலை வரைஞ்சவனுக்கு, காலையில ஊருக்குள்ள வர்ற கூட்டத்துல மீன்காரியும் பூக்காரியும் இருக்காங்கன்னு தெரிஞ்சிருக்கு. புது ரயில்ல அந்த அறிவைக் கழிச்சுட்டு, அதுக்கு நவீனம்னு பேர் வச்சிருக்கோம்.

ஜப்பானைச் சொன்னாத்தான் நம்பிக்கை வரும்னா அதையும் சொல்றேன். டோக்கியோவுக்குப் பக்கத்து கிராமத்துப் பெண்கள் முதுகுல காய்கறி மூட்டையோட வந்து விக்கிறதுக்காக, கெய்செய் ரயில் கம்பெனி 2013 வரைக்கும் தனிப் பெட்டி ஓட்டுச்சு. கின்டெட்சு கம்பெனி 1963-ல இருந்து மீன் வியாபாரிகளுக்குன்னே ஒசாகாவுக்கு ஒரு ரயில் விட்டுச்சு. 2020-ல ஆள் குறைஞ்சதும் நிறுத்திட்டுப் போயிடல, சாதாரண ரயிலோட கடைசியில ஒரு பெட்டியைச் சேர்த்தாங்க. சீனாவுல சோங்கிங் நகரத்து 4-ம் எண் மெட்ரோவுல, வயசான விவசாயிங்க மூங்கில் கூடையை முதுகுல மாட்டிக்கிட்டு காய்கறி விக்கப் போறாங்க. 2022-ல அந்தப் படங்கள் பரவினப்போ அங்கேயும் சிலர் "இவங்களைத் தடுக்கணும்"னு சொன்னாங்க. மெட்ரோ நிர்வாகம், தடை செஞ்ச பொருள் எதுவும் இல்லாத வரைக்கும் அவங்களும் மத்தவங்க மாதிரி பயணிங்கதான்னு சொல்லிடுச்சு. அதுவும் தானா நகரும் படி, கண்ணாடிக் கதவுன்னு எல்லாம் இருக்கிற நவீன மெட்ரோதான்.

நம்மால செய்ய முடியாதுன்னும் சொல்ல முடியாது. 1955-ல ஆரம்பிச்ச பெரம்பூர் ஐ.சி.எஃப்., 1984-ல ஓடின இந்தியாவோட முதல் மெட்ரோவான கொல்கத்தா மெட்ரோவுக்குப் பெட்டி செஞ்சு கொடுத்த இடம். 2018-ல அதே தொழிற்சாலை 'ட்ரெயின் 18'ஐ வரைஞ்சு, செஞ்சு, ஓட்டிக் காட்டுச்சு. இன்னிக்கு வந்தே பாரத்னு ஓடுறது அதுதான். 160 கி.மீ. வேகத்துல ஓடுற ரயிலை நம்ம ஊர்லயே வரையத் தெரிஞ்சவங்களுக்கு நாலு கூடை வைக்க இடம் வரையுறது பெரிய கணக்கா? வரையச் சொல்லி யாரும் கேக்கல, அதுதான் விஷயம்.

ஒண்ணை ஒத்துக்கிறேன். கோயம்பேட்டுக்கு ராத்திரியில போற லாரி லோடெல்லாம் மெட்ரோவுல போக முடியாது, போகவும் வேணாம். நான் பேசுறது தலையில சும்மாடு வச்சு ரெண்டு கூடை தூக்குற ஆளைப் பத்தி. அவங்க வர்ற வழி ஒவ்வொண்ணா அடைபட்டுக்கிட்டே வருது. குட்டியானை வாடகை ஏறுது. பஸ்ல கூடையைப் பாத்தா நிறுத்தாம போறாங்க. அக்காவோட பொண்ணு இந்தத் தொழிலுக்கு வர மாட்டேன்னுட்டா. அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். அக்கா நிறுத்திட்டா, அடுத்து அந்தப் பாத்திக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பூந்தமல்லியில இருந்து பரந்தூர் வரைக்கும் மெட்ரோவை நீட்டுற திட்டம் பேச ஆரம்பிச்சதுல இருந்து எங்க பக்கம் "மெட்ரோவுக்கு மிக அருகில்"னு போர்டு முளைக்குது. எங்க ஊருக்கு ரயில் வர்றதுக்கு முன்னாடியே மனை புரோக்கர் வந்துட்டாரு. விளைஞ்சதை எடுத்துக்கிட்டுப் போக வழி இல்ல, நிலத்தை வித்துட்டுப் போக மட்டும் வழி இருக்கு.

பரந்தூர் வரைக்கும் போற பாதைக்கு இனிமேதான் ரயில் வாங்கணும். பெட்டியோட வரைபடம் இன்னும் காகிதத்துல கூட முடிவாகாத நேரம் இது. கூடைக்கு ஒரு மூலை கேக்க இதைவிட நல்ல நேரம் இல்ல. நாங்க கேட்டா, கீரைக்காரன் பேச்சுன்னு போயிடும். அந்த ரயில்ல தினமும் ஏறப் போற நீங்க கேட்டா காதுல விழும்.

நாளைக்குக் காலையில கீரை வாங்கும்போது பேரம் பேசறதுக்கு முன்னாடி, "எப்படிம்மா வந்தீங்க?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. மிச்சத்தை அவங்களே சொல்லுவாங்க.