பிழை வரும் என்று தெரிந்தே எழுதுங்கள்

உயர்தரத்தில் ஐ.சீ.டீ. செய்யும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இந்தப் பதிவு.

பிள்ளைகள் பைத்தனில் எழுதும் செய்நிரல்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன, எல்லாம் சரியாக நடக்கும் வரைக்கும். புள்ளி கேட்கும் இடத்தில் ஒருவர் "வரவில்லை" என்று தட்டினால் அப்படியே நின்றுவிடும். சொன்னால், "அதுக்கு எக்ஸாம்ல புள்ளி வருமா சேர்?" என்று கேட்பார்கள்.

என் கருத்து இதுதான்: வழுவைக் கையாளாத செய்நிரல் பாதி எழுதிய செய்நிரல்.

1996 ஜூன் 4ஆம் திகதி பிரெஞ்சு கயானாவில் இருந்து கிளம்பிய ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட் சுமார் 40 செக்கன்களில் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் மாற்றும்போது அது கொள்ளவில்லை. அந்த வழுவைப் பிடிக்க அந்த இடத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. திசையை அறிவிக்கும் கணினி நின்றது. மேலதிகமாக வைத்திருந்ததிலும் அதே செய்நிரல்தான், அதுவும் நின்றது. உள்ளே இருந்த 4 செய்மதிகளும் போயின. இத்தனைக்கும், கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை.

பைத்தனில் இதற்கு வழி இருக்கிறது. வேலையை ‘ட்ரை’க்குள் எழுதுங்கள். இன்ன வழு வந்தால் என்ன செய்வது என்பதை ‘எக்செப்ட்’டில் எழுதுங்கள். வழு வந்தாலும் வராவிட்டாலும் செய்தே ஆக வேண்டியதை, திறந்த கோப்பை மூடுவது போன்றதை, ‘ஃபைனலி’யில் எழுதுங்கள். கோப்புக்கு ‘வித்’ இன்னும் இலகு, அதுவே மூடிவிடும்.

இரண்டு விடயத்தில் கவனம். ‘எக்செப்ட்’டுக்குள் ‘பாஸ்’ என்று மட்டும் எழுதுவது வழுவை மூடி மறைப்பது. கடையின் கடன் கொப்பிக்குப் பதிலாக ஒரு பிள்ளை செய்து கொடுத்த செய்நிரலில் அப்படி இருந்தால், பதிந்த கடன் சேமிக்கப்படவில்லை என்பதே கடைக்காரருக்குத் தெரியாது. அடுத்தது, கரண்ட் போனால் ‘ஃபைனலி’யும் ஓடாது. அதனால் பழைய கோப்பின் மேல் எழுதாமல், புதிய கோப்பில் முழுதாக எழுதி முடித்த பிறகு பெயரை மாற்றுங்கள்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செயற்றிட்டத்தைத் திருத்தும்போது சரியான விடை வருகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். வேண்டுமென்றே பிழையாக ஒன்றைத் தட்டிப் பாருங்கள். பெற்றோரும் வீட்டில் அப்படிச் செய்யலாம். பிள்ளை கோபிக்கும், பரவாயில்லை. நாளைக்கு அதைப் பாவிக்கப் போவது கணினி தெரியாத யாரோ ஒருவரின் வாப்பாவாக இருக்கும். அவர் பிழையாகத் தட்டத்தான் செய்வார்.