போனைக் கீழே வைத்துவிட்டு எங்கே போவது?

கைத்தொலைபேசி நம் உறவுகளைக் கெடுத்துவிட்டது என்று மேடைக்கு மேடை கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

எண்பதுகளில் மாமா சவூதியில் வேலை செய்தபோது மாமி தன் குரலைக் கெசட்டில் பதிந்து அனுப்புவாராம். பதில் கெசட் யாராவது ஊருக்கு வருகிறவர் கையில்தான் வரும். பிள்ளை பேசிய முதல் வார்த்தையை மாமா கேட்டபோது அது இங்கே வசனமாகவே பேசத் தொடங்கிவிட்டதாம். இன்று கத்தாரில் இருக்கும் என் வாப்பா, நான் பாடசாலை விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்பே வீடியோ அழைப்பில் கணிதப் புள்ளியைக் கேட்டுவிடுகிறார். இதைப் போலி உறவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஆனால் கடல் கடந்திருக்கும் வாப்பாவுக்குப் போதுமானது, மூன்று வீடு தள்ளியிருக்கும் தோழிக்குப் போதாது.

எங்கள் வகுப்பில் ஒருத்தி டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தாள். வட்ஸ்அப் குழுவில் துஆக்களும் பூங்கொத்துப் படங்களும் குவிந்தன. நேரில் போனவர்கள் இருவர். ஒருத்தி உயிரியல் கொப்பியைக் கொண்டுபோனாள். மற்றவள் வெறுங்கையோடு போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் ஆசிரியைகளைப் போல நடித்துக் காட்டிவிட்டு வந்தாள். சுகமாகி வந்தவள் இன்றும் சொல்லிச் சிரிப்பது அந்த நடிப்பைத்தான். பூங்கொத்து அனுப்பியது யார் யாரென்று அவளுக்கு நினைவில்லை. அனுப்பியவர்களுக்கும் இருக்காது.

பேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தான் வந்தது 2009 இல். அதுவரை ஒரு வார்த்தையாவது எழுத வேண்டியிருந்தது. பிறகு விரல் பட்டாலே போதும் என்றாயிற்று. வசதிதான். சுகம் விசாரிப்பதும் விசாரித்ததாகக் காட்டிக்கொள்வதும் ஒன்றாகிப்போனதுதான் நஷ்டம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938 இல் தொடங்கிய ஆய்வொன்று எண்பது வருடங்களுக்கு மேலாக மனிதர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. 50 வயதில் உறவுகளில் திருப்தியோடு இருந்தவர்களே 80 வயதிலும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று அது கண்டது. கொலஸ்ட்ரோல் அளவுகூட அந்தளவுக்கு வருங்காலத்தைச் சொல்லவில்லையாம்.

இனிப் பெற்றோரிடம் பேச வேண்டும். ‘எந்நேரமும் போன்’ என்று ஏசுகிறீர்கள். தோழி வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டால், ‘அங்கே நாநாமார் இருப்பார்கள்’, ‘ஊர் என்ன சொல்லும்’, ‘டியூஷன் இல்லையா?’ என்கிறீர்கள். பையன்களுக்கு மைதானம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, பள்ளிவாசல் முற்றம் இருக்கிறது. எங்களை வேன் ஏற்றி இறக்குகிறது, அவ்வளவுதான். உங்கள் பயத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூட்டிய அறைக்குள் போன் வழியாக எங்களைத் தேடி வருபவர்கள் எல்லாரும் தோழிகள் அல்லவே. அந்தப் பயம் உங்களுக்கு ஏன் இதைவிடக் குறைவாக இருக்கிறது?

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், நாலு பிள்ளைகள் ஒரு வீட்டில் கூட விடுங்கள். உம்மாமாரும் வரட்டும், அவர்களும் குழுக்களில் ஸலாம் சொல்லியே களைத்துப்போயிருக்கிறார்கள். பிளேன்டீயும் பிஸ்கட்டும் போதும். முதல் மாதத்துக்கு எங்கள் வீட்டைத் தர உம்மா சம்மதித்துவிட்டார்.