எல்லை சொல்லித் துரத்தலாமா?

ஸ்ரீராமபுரத்தில் வசிக்கும் தொழிலாளி, மெஜஸ்டிக்கில் வழிப்பறிக்கு ஆளாகிறார். வீட்டருகே உள்ள போலீஸ் நிலையத்துக்கு ஓடினால், "இது எங்கள் எல்லை அல்ல" என்பதா பதில்? அலைந்தால் மறுநாள் கூலியும் போகும்!

இத்தகைய குற்றங்களில் வழக்குப் பதிவு கட்டாயம் என்று 2013-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு இன்னும் தெளிவு. எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை ஏற்கவேண்டும். வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக் காட்டவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும்.

கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள், பொருள் கேட்டறியாமல் கையெழுத்திட வேண்டாம். பதிவு செய்ய மறுத்தால் துணைக் கமிஷனருக்குத் தபாலில் எழுதலாம்.

போலீசாருக்கு வேலைப்பளு அதிகம்தான். ஆனால் ஏழையின் புகாரைத் திருப்பி அனுப்பினால், வளர்வது திருடனின் துணிச்சலே!