சீட்டு ஒட்டும் விமரிசனம்

விமரிசகர்களில் ஒரு ரகம் உண்டு. மருந்துக் கடையில் புட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற பையனுக்கும் அவர்களுக்கும் அதிக வித்தியாசமில்லை. உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று: அந்தப் பையன் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஒட்டுவான்.

என் கோபத்துக்குக் காரணமான விஷயம் நம் ஊருடையதல்ல, நியூயார்க்குடையது. அதுவும் முரட்டு ராப் பாட்டு. வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும், கட்டுரையைப் படித்து முடித்துவிட்டுச் சுளித்தால் போதும்.

1994 ஆகஸ்டில் 'ஸிக்ஸ் ஃபீட் டீப்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. 'ஆறடி ஆழம்' என்று பொருள். வெளியிட்ட குழுவின் பெயர் கிரேவ்டிகாஸ். அதாவது குழி வெட்டுகிறவர்கள். பிரின்ஸ் பால், ஃப்ரூக்வான், பொயட்டிக், ரிஸா என்று நான்கு பேர். நால்வரும் அதற்கு முன்பே தொழிலில் பழகியவர்கள். பாலும் ஃப்ரூக்வானும் ஸ்டெட்ஸாசானிக் குழுவில் இருந்தவர்கள். 1989இல் டி லா சோல் குழுவின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைஸிங்' என்ற மலர்ச்சியான இசைத்தட்டைத் தயாரித்தவர் பால்தான். மூன்றடி உயரத்தில் துள்ளிய மனிதர் ஐந்தே வருஷத்தில் ஆறடி ஆழத்துக்கு இறங்கியிருக்கிறார். ஏன் இறங்கினார்? விமரிசகன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதைவிட ஒரு பெயர் வைத்துவிடுவது சுலபமாக இருந்தது. 'ஹாரர்கோர்' என்று வைத்தார்கள். பேய்ப் படமும் ராப்பும் கலந்த சரக்கு என்று அர்த்தம்.

பெயர் வைத்ததோடு விமரிசனம் முடிந்துவிட்டது. அதே 1994இல் ஃப்ளாட்லைனர்ஸ் என்ற இன்னொரு குழுவும் பிணம், சாத்தான் என்று பாடி ஒரு தட்டு வெளியிட்டது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டார்கள். கிரேவ்டிகாஸ் அந்தப் பாட்டுகளைச் சில வருஷங்களுக்கு முன்பே உருவாக்கத் தொடங்கிவிட்டது என்பதோ, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியது என்பதோ கூடைக்காரர்களுக்கு அவசியமாகப் படவில்லை. நால்வருமே டாமி பாய் என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு முன்பு தொழில் செய்தவர்கள். ரிஸாவும் பொயட்டிக்கும் அங்கே கைவிடப்பட்டவர்கள். தொழிலில் 'செத்துப் போனவர்கள்' என்று ஊர் முடிவு கட்டிய மனிதர்கள் சேர்ந்து தங்களுக்குக் 'குழி வெட்டுகிறவர்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்டால், அதில் ஒரு கசப்பான சிரிப்பு இருக்கிறது. இந்தச் சிரிப்பைக் கேட்கக் காது வேண்டும்.

எதிர்த்தவர்கள் சொன்ன குற்றங்கள் இரண்டு. ஒன்று: இது ஆபத்தானது, இளைஞர்களைக் கெடுக்கும். இரண்டு: இது வெறும் வித்தை, பயமுறுத்திக் காசு பறிக்கிற பொம்மலாட்டம். பொம்மலாட்டம் என்றால் ஆபத்து எங்கிருந்து வந்தது? ஆபத்து என்றால் அது எப்படி வெறும் பொம்மையாகும்? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்களா?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் கதையில் ஒரு கொலைகாரன் வாயைத் திறந்தால், உடனே என் வீட்டுக் கதவைத் தட்டுகிற வாசகரை எனக்குத் தெரியும். 'டயரி ஆஃப் எ மேட்மேன்' என்ற அவர்களுடைய பாட்டு ஒரு நீதிமன்றக் காட்சியோடு தொடங்குகிறது. கூண்டில் நிற்கிறவர்கள் தங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வாதாடிவிட்டுத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். இதைவிடத் தெளிவாக 'இது கதை. பேசுகிறவன் பாத்திரம்' என்று எப்படிச் சொல்வது? எட்கர் ஆலன் போ 1843இல் ஒரு கொலைகாரனைத் தன் வாயாலேயே பேச வைத்தார். அதைக் கல்லூரியில் பாடமாக வைக்கிறார்கள். ஸ்டாட்டன் தீவிலிருந்தும் லாங் தீவிலிருந்தும் வந்த கறுப்பு இளைஞர்கள் அதையே செய்தால் காவல் நிலையத்தை நினைக்கிறார்கள்.

இன்னும் ஒரு உதாரணம். அந்தத் தட்டு வந்த மறுமாதம், 1994 செப்டம்பரில், நட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'ரெடி டு டை' வந்தது. 'சாகத் தயார்' என்று அர்த்தம். அதன் கடைசிப் பாட்டில் ஒருவன் தொலைபேசியில் தன் வாழ்க்கையை வெறுத்துப் பேசிக்கொண்டே உயிரை விடுகிறான். விமரிசகர்கள் அதை ஆழமான வாக்குமூலம் என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான், எனக்கு ஆட்சேபமில்லை. கிரேவ்டிகாஸின் தட்டிலும் தற்கொலையைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதன் தலைப்பே ஒரு தொலைபேசி எண். விளம்பரங்களில் வரும் இலவச எண்ணைப் போலவே செய்தது. மரணத்தையும் ஒரு சரக்காக்கி எண் போட்டு விற்கிற சமூகத்தைப் பற்றிய குரூரமான கேலி அது. இரண்டிலும் தொலைபேசி, இரண்டிலும் சாவு. ஒருவன் அழுதான், அது இலக்கியமாயிற்று. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள், அது வித்தையாயிற்று.

கண்ணீர்தான் உண்மைக்குச் சாட்சி என்று நம்புகிற மனோபாவம் இது. 1729இல் ஸ்விஃப்ட், அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்கள் சமைத்துத் தின்னலாமே என்று யோசனை சொன்னார். அதைச் சமையல் குறிப்பு என்று எடுத்துக்கொள்கிறவனை நாம் என்ன சொல்வோம்? கறுப்பு அமெரிக்கர்களுக்குள்ளேயே இந்த மரபு பழையது. ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் 1950களிலேயே சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து மேடையில் பாடினார்.

இவர்களுக்குப் பிணத்தின் நினைவு எங்கிருந்து வந்தது? சினிமாக் கொட்டகையிலிருந்து மட்டுமா? 1990ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரில் மட்டும் 2,200க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன. அந்த ஊரில் வளர்ந்தவன் சவப்பெட்டியைக் கனவு காண்பதற்குப் பேய்ப் படம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. குழுவின் பெயருக்கு அவர்களே ஒரு விளக்கமும் சொன்னார்கள்: அறியாமையால் மனம் செத்துப் போனவர்களைத் தோண்டி எழுப்புவதே தங்கள் வேலை என்று. அந்த விளக்கத்தை ஏற்கலாம், மறுக்கலாம். கேட்காமலே தீர்ப்பு எழுதக் கூடாது.

தட்டிலுள்ள எல்லாமே உயர்ந்தவை என்று நான் வாதாடவில்லை. சில இடங்களில் குரூரம் குரூரத்துக்காகவே வருகிறது. சில வேடிக்கைகள் பள்ளிக்கூடப் பையனின் வேடிக்கைகள். அவற்றைச் சுட்டிக் காட்டட்டும். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், ஏன் என்று சொல்லட்டும். அதுதான் விமரிசனம். 'ஹாரர்கோர்' என்ற ஒற்றைச் சொல் அந்த உழைப்பிலிருந்து தப்பிக்கிற வழி.

தன்னைக் காலதூதன் என்று அழைத்துக்கொண்ட பொயட்டிக் 2001இல் புற்றுநோயால் இறந்தார். அந்தச் சாவை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. கலைஞன் செத்துப் போனதால் அவன் பாட்டு உயர்ந்துவிடாது. ஆனால் இப்போது அந்தத் தட்டுக்கு இன்னொரு சீட்டு வந்திருக்கிறது: ஹாரர்கோரின் 'கிளாஸிக்' என்று. அன்று மூக்கைப் பொத்தியவர்கள் ஒட்டியதும், இன்று மாலை போடுகிறவர்கள் ஒட்டுவதும் ஒரே பசையில் ஒட்டிய சீட்டுகள்தாம். முதல் சீட்டு 'கேட்காதே' என்றது. இரண்டாவது சீட்டு 'கேட்டாகிவிட்டது' என்கிறது. கலைஞனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்.

கதைப் புத்தகம் படிக்கிற நீங்கள் இதை ராப் பாட்டின் வழக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அட்டையைப் பார்த்து, 'இது குடும்ப நாவல்', 'இது துப்பறியும் கதை' என்று சொல்லி அலமாரியில் திருப்பி வைக்கும்போது, நீங்களும் கையில் பசையோடுதான் நிற்கிறீர்கள்.